ஒவ்வாமை, செரிமானம், சத்துக்குறைவு: டெல்டாவில் வாழ்பவர்கள் ஆய்வகப் பரிசோதனைகளை எந்த வரிசையில் செய்துகொள்வது?

தோல் தடித்து அரிக்கிறது என்றோ, சாப்பிட்டவுடன் வயிறு உப்புகிறது என்றோ, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றோ ஆய்வகத்துக்குப் போகும் ஒருவரிடம் இன்று முதலில் நீட்டப்படுவது விலைப்பட்டியல்தான். ஒவ்வாமைக்கு ஒரு தொகுப்பு, குடல் நலத்துக்கு ஒரு தொகுப்பு, வைட்டமின்களுக்கு ஒரு தொகுப்பு என்று மூன்றும் தனித்தனியே விற்கப்படுகின்றன. காவிரி டெல்டாவில் வயலும் வரப்புமாக வாழ்பவர்களுக்கு இந்தப் பிரிவினை அவ்வளவாகப் பொருந்தாது. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் ஒருவரின் குடலில் கொக்கிப்புழு குடியேறினால், அந்த ஒரே புழு ரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்களையும் ஐ.ஜி.ஈ என்னும் எதிர்ப்பொருளின் அளவையும் உயர்த்தி ஒவ்வாமையைப் போலக் காட்டும். வயிற்றுவலியும் உப்புசமும் தந்து செரிமானக் கோளாறைப் போலக் காட்டும். ரத்தத்தைக் குடித்து இரும்புச்சத்துக் குறைவையும் உண்டாக்கும். மூன்று தொகுப்புகளுக்கும் பணம் கட்டி, மூன்றிலும் கோளாறு என்ற முடிவையும் வாங்கிக்கொண்டு, காரணத்தை மட்டும் தவறவிட்டு வீடு திரும்ப முடியும். ஆகவே எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது, எதன் முடிவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்ற வரிசை இங்கே மிகவும் முக்கியம்.

ஆய்வகத்துக்குப் போகும் முன்

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொந்தரவு தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று என்ன வேலை செய்தீர்கள் என்பன போதும். உணவு ஒவ்வாமையில் ஐ.ஜி.ஈ வகையைச் சேர்ந்தது பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பாகவோ, உதடு வீக்கமாகவோ, வாந்தியாகவோ, மூச்சுத்திணறலாகவோ வெளிப்படும். பால் குடித்தபின் வயிறு இரைவதும் உப்புவதும் வயிற்றுப்போக்கும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பால்சர்க்கரை செரியாமையே தவிர ஒவ்வாமை அன்று. இந்த வேறுபாட்டை நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். எந்த ரத்தப் பரிசோதனையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

பருவத்தையும் சேர்த்து எழுதுங்கள். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் மட்டும் இளைப்பு வருகிறதா, ஆண்டு முழுவதும் வருகிறதா என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு. அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியிலும், களத்திலும், கொள்முதல் நிலையத்து மூட்டைகளுக்கு நடுவிலும் நிற்பவருக்கு வரும் இருமல் ஒரு வகை. விடியற்காலையில் படுக்கையை விட்டு எழும்போதே தும்மலுடன் தொடங்குவது பெரும்பாலும் வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியால் வருவது. நெல்லின் சுணை பட்டு அரிப்பதோ குளித்தால் அடங்கிவிடும், யாருக்கும் வரும். அதற்குப் பரிசோதனை தேவையில்லை.

உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் உடனிருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம்; பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் அப்படியே. வலிமாத்திரை குடலில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஸ்டீராய்டு ஈசினோஃபில் எண்ணிக்கையைத் தாழ்த்தி, இருப்பதை இல்லாததுபோல் ஆக்கிவிடும். முடி உதிர்வுக்காக எடுத்துக்கொள்ளும் பயோட்டின் மாத்திரை தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே திரித்துவிடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு அதை இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்துவது நல்லது.

முதல் சுற்று: ரத்த அணுக்களும் மலமும்

முழு ரத்த எண்ணிக்கை என்னும் சி.பி.சி-யும், மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்த மலப் பரிசோதனையும்தான் தொடக்கம். இரண்டும் விலை குறைந்தவை. சிறிய ஊர்களின் ஆய்வகங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் செய்யக்கூடியவை. மலப் பரிசோதனையை மக்கள் அருவருப்பால் தள்ளிப்போடுகிறார்கள், ஆய்வகங்களும் வற்புறுத்துவதில்லை. ஆனால் நம் பகுதியில் விலை உயர்ந்த ஒவ்வாமைத் தொகுப்பைவிடப் பயன் தரக்கூடியது இதுதான் என்பது என் கருத்து.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. கழிப்பறைப் பீங்கானிலிருந்து வழித்தெடுத்த மலத்தில் தண்ணீரும், சிறுநீரும், சுத்தம் செய்யும் திரவமும் கலந்திருக்கும். அவை அமீபா போன்ற உயிரிகளைக் கொன்றுவிடும். உலர்ந்த, அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்தையோ மடித்துவைத்த காகிதத்தையோ பயன்படுத்தி, முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு மலத்தைத் தனியே பிடித்து, ஆய்வகம் தந்த டப்பாவில் ஒரு சுண்டைக்காய் அளவுக்குச் சற்று அதிகமாக எடுத்தால் போதும். சளியோ ரத்தமோ படிந்த பகுதி இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். தண்ணீராகப் போகும் மலத்தை அரை மணி நேரத்துக்குள்ளும், கெட்டியானதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு நாள் கிடந்த மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் பொரித்துப் புழுக்குஞ்சுகளாகிவிடும்; பார்ப்பவர் அதை வேறொரு புழு என்று எண்ணக்கூடும். மூன்று நாள் ஏன் என்றால், புழுக்கள் முட்டையிடுவதும் நுண்ணுயிரிகள் வெளியேறுவதும் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் ஒன்றும் தென்படவில்லை என்பதை நம்பிவிடக் கூடாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இரவில் ஆசனவாய் அரித்தால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதன் முட்டை மலத்தில் அரிதாகவே தென்படும். காலையில் குழந்தையைக் கழுவுவதற்கு முன், ஒட்டும் செல்லோடேப்பை ஆசனவாயைச் சுற்றி ஒற்றியெடுத்து, ஆய்வகம் தரும் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுப்பதே சரியான முறை.

சி.பி.சி அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. அடுத்து எம்.சி.வி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன்: 80-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவையும், 100-க்கு மேலே இருந்தால் பி12 அல்லது ஃபோலேட் குறைவையும் முதலில் நினைக்க வேண்டும். இரண்டு குறைவும் ஒருவருக்கே இருந்தால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டி எம்.சி.வி சரியான எண்ணாகவே தோன்றும், அப்போது சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ என்ற எண் உயர்ந்திருக்கும். ரத்தசோகை இருந்தும் எம்.சி.வி நன்றாக இருக்கிறதே என்று சமாதானமடையும் முன் அந்த எண்ணையும் பாருங்கள்.

மூன்றாவது ஈசினோஃபில். இங்கே சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. மொத்த வெள்ளணுக்களைச் சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள்: 5,000 வெள்ளணுக்களில் 6 சதவீதம் என்றால் 300, அது இயல்பு; 9,000-இல் 12 சதவீதம் என்றால் 1,080, அது உயர்வு. ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கு மேல் என்பதே பொதுவான எல்லை. மூக்கு ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் இந்த எண் பெரும்பாலும் ஓரளவுக்கே ஏறும். 3,000-ஐத் தாண்டி, இரவில் இருமலும் இளைப்பும் சேர்ந்திருந்தால், யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்வினையான வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியாவை மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டும். கும்பகோணமும் அதன் சுற்றுவட்டாரமும் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர்போனவை என்பதால், டெல்டாக்காரர் ஒருவர் வெளியூர் மருத்துவரிடம் போகும்போது தம் சொந்த ஊரைச் சொல்வதும் நோய் வரலாற்றின் ஒரு பகுதிதான். இந்நிலையில் இரவு ரத்தப் பூச்சில் புழுக்குஞ்சு பெரும்பாலும் தென்படாது. யானைக்கால் எதிர்ப்பொருள் பரிசோதனையும் ஐ.ஜி.ஈ அளவும் துணை செய்யும். இதை ஆஸ்துமா என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் மட்டும் உபயோகித்தால் நுரையீரலில் தழும்பு விழும்; சரியாகக் கண்டறிந்தால் மூன்று வார மாத்திரையில் குணமாகக்கூடியது.

ஈசினோஃபில் உயர்ந்திருக்கும்போது, காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் குடற்புழு உடலில் ஒளிந்திருந்தால், ஸ்டீராய்டு கொடுத்ததும் பெருகி உயிருக்கே உலை வைக்கும். மலப் பரிசோதனை முதல் சுற்றில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்து நிலையை அளப்பது

ரத்தசோகை தெரிந்தவுடன் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதுதான் வழக்கம். அதற்கு முன் ஃபெரிட்டின் பார்ப்பது நல்லது. உடலின் இரும்பு இருப்பைச் சொல்வது அதுவே. வளர்ந்தவர்களில் 15 நானோகிராமுக்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்துவிட்டது என்றே பொருள். பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே சிகிச்சை தொடங்குகிறார்கள். ஆனால் காய்ச்சலோ மூட்டு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி-யையும் கூடவே பாருங்கள். அது உயர்ந்திருந்தால் ஃபெரிட்டின் சரியாக இருக்கிறது என்ற முடிவை நம்ப முடியாது. எம்.சி.வி மிகவும் தாழ்ந்தும், ஃபெரிட்டின் நன்றாகவும், சிவப்பணு எண்ணிக்கை 50 லட்சத்துக்கு மேலும் இருந்தால் அவர் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயைக் கடத்துபவராக இருக்கலாம். இதை ஹீமோகுளோபின் எச்.பி.எல்.சி என்னும் பரிசோதனை சொல்லும். அத்தகையவர்களுக்கு இரும்பு மாத்திரை பயன் தராது. திருமணத்துக்கு முன் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

புழுவுக்கும் இரும்புக்கும் உள்ள கணக்கைச் சொல்லியாக வேண்டும். நெகாட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி ரத்தத்தை வீணாக்கும். நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லி. அதில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சுவதே 1 முதல் 2 மில்லிகிராம்தான். கசிகிற குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல, புழு இருக்கும்வரை மாத்திரையும் முருங்கைக்கீரையும் பாதிக்கே வேலை செய்யும். நடவிலும் களையெடுப்பிலும் காலெல்லாம் சேறாக நிற்கும் பெண்களுக்கு ரத்தசோகை இருந்தால், மாதவிடாய்க் கணக்கோடு மலப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். அரசு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை தருவது முக்கியமாகக் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் கருதித்தான். வயலில் நிற்கும் பெரியவர்களும் பயனடைய முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200-க்கும் 300-க்கும் இடையில் என்றால் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்கும். இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடாதவர்களுக்குப் பாலும் தயிரும்தான் பி12 வழி. தயிர்ச்சோறு தினமும் உண்ணும் மரக்கறி உணவினர் அந்த நம்பிக்கையிலேயே இருந்துவிடக் கூடாது, குறிப்பாகக் கால் மதமதப்பும் எரிச்சலும் உள்ளவர்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீண்ட நாள் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகி, நரம்புப் பாதிப்பு மட்டும் மறைவாகத் தொடரும்.

வைட்டமின் டி-யை எல்லோருக்கும் பார்க்க வேண்டியதில்லை. எலும்பு வலி, தசைச் சோர்வு, வெயிலே படாத வாழ்க்கை என்று காரணம் இருப்பவர்கள் பார்க்கலாம்; கேட்டுப் பெற வேண்டியது 25-ஹைட்ராக்சி வடிவம். 20 நானோகிராமுக்குக் கீழே என்பது குறைபாடு. ரத்தத்தில் அல்புமின் தாழ்ந்தால் சாப்பாடு போதவில்லை என்று கருதுவது பழைய வழக்கம். கல்லீரல், சிறுநீரகம், அழற்சி ஆகியவற்றாலும் அது தாழும். சிறு குழந்தைகளின் ஊட்டத்தை அறிய ரத்தமே எடுக்க வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து, 12.5 செண்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனமும், 11.5-க்குக் கீழே என்றால் உடனடிச் சிகிச்சையும் தேவை என்று முடிவெடுக்கலாம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் அளந்து சொல்வார்கள்.

ஒவ்வாமைப் பரிசோதனைகள்

முதல் சுற்றில் புழு இல்லை என்று தெரிந்த பிறகு, அல்லது புழுவுக்குச் சிகிச்சை முடிந்த பிறகு, ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வருவது நல்லது. மொத்த ஐ.ஜி.ஈ ஓர் எண்ணைத் தருமே தவிர எதற்கு ஒவ்வாமை என்று சொல்லாது. புழு இருந்தாலே ஆயிரத்தைத் தாண்டிவிடும். பயன் தருவது குறிப்பிட்ட பொருளுக்கான ஐ.ஜி.ஈ பரிசோதனையும், தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும்தான். தோல் பரிசோதனையில் ஒவ்வாமைப் பொருளின் துளியை முன்கையில் வைத்து மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்து எழும் தடிப்பை அளக்கிறார்கள். வெறும் திரவம் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் உடல் அந்தப் பொருளுக்குப் பழகி எதிர்க்கிறது என்று பொருள். இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் போன்ற அரிப்பு மாத்திரையை, மருத்துவர் அனுமதியோடு, நிறுத்த வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்தத் தேவையில்லை. கடுமையான எதிர்வினை வந்த வரலாறு உடையவர்கள் அட்ரினலின் ஊசி தயாராக உள்ள மருத்துவமனையில் மட்டுமே தோல் பரிசோதனைக்கு உட்கார வேண்டும்.

எதிர்க்கிறது என்பதும் நோய் என்பதும் ஒன்றல்ல. இறாலிலும் நண்டிலும் உள்ள ட்ரோபோமயோசின் என்னும் புரதம் தூசிச் சிற்றுண்ணியிலும் கரப்பான்பூச்சியிலும் உள்ளதை ஒத்திருப்பதால், தூசி ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இறாலும் கூடவே நேர்மறையாக வரலாம். நாகையிலோ வேதாரண்யத்திலோ இறால் தொக்கு எத்தனையோ முறை உண்டு ஒன்றும் ஆகாதவர், அறிக்கையில் ஒரு நட்சத்திரக் குறியைக் கண்டு அதை விட வேண்டியதில்லை. அதேபோல் சூரையோ கானாங்கெளுத்தியோ ஐஸ் இல்லாமல் கிடந்து கெட்டிருந்தால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்து, சமைத்தாலும் அழியாமல், உண்டவர்கள் பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து தடிப்பு எழும். அது கெட்ட மீன், ஒவ்வாமை அன்று. மறுமுறை நல்ல மீன் உண்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் மூச்சுத்திணறலோ, மயக்கமோ, தொண்டை அடைப்போ வந்தால் எந்தப் பரிசோதனையைப் பற்றியும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பார்த்தீனியச் செடி, சிமெண்ட் போன்றவற்றால் கையிலும் முகத்திலும் வரும் கரப்பான் என்னும் தோல் அழற்சி வேறு வகை ஒவ்வாமை. அதற்கு முதுகில் ஒட்டுப்போட்டு 48 மணி நேரம் கழித்தும், மீண்டும் ஓரிரு நாள் கழித்தும் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை தேவை, ரத்த ஐ.ஜி.ஈ அதில் ஒன்றும் சொல்லாது.

இனி, நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்து, இன்னின்னவற்றைச் சாப்பிடாதீர்கள் என்று பட்டியல் தரும் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐ.ஜி.ஜி என்பது அந்த உணவு உடலுக்குப் பழக்கமானது என்பதன் அடையாளம். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-இலேயே இதை நோயறியப் பயன்படுத்தக் கூடாது என்று கூறிவிட்டது. அந்தப் பட்டியலை நம்பி ஒரு குழந்தையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்துவிட்டால், இல்லாத ஒவ்வாமைக்காக உண்மையான சத்துக்குறைவை வரவழைத்தவர்களாவோம்.

செரிமானத்துக்கானவை

எரிச்சலும் மேல்வயிற்று வலியும் தொடர்ந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இரைப்பைக் கிருமிக்கான மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை சிறந்தது. அமில மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்திய பிறகே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்றே வரும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது பழைய தொற்றையும் இப்போதையதையும் பிரித்துக் காட்டாது. நாட்பட்ட வயிற்றுப்போக்கில், குடல் அழற்சியா வெறும் குடல் எரிச்சலா என்று பிரிக்க மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தை அளப்பது உதவும். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கோதுமையால் வரும் சீலியாக் நோய் அரிசியுண்ணும் தென்னிந்தியாவில் வடக்கைவிடக் குறைவு. ஐயம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே டி.டி.ஜி ஐ.ஜி.ஏ என்னும் எதிர்ப்பொருள் பரிசோதனையை மொத்த ஐ.ஜி.ஏ அளவோடு சேர்த்துப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, ஆண்களிடமோ மாதவிடாய் நின்ற பெண்களிடமோ புதிதாகத் தோன்றிய இரும்புக் குறைவு ஆகியவை இருந்தால் ஆய்வகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். குடலை உள்நோக்கிக் கருவியால் பார்க்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மாதிரி கொடுக்கும் நாளும் அறிக்கை வந்த பிறகும்

சி.பி.சி, ஃபெரிட்டின், பி12, ஐ.ஜி.ஈ எதற்கும் வெறும் வயிறு கட்டாயமில்லை. சர்க்கரை, டிரைகிளிசரைடு, சீரம் இரும்பு ஆகியவற்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உண்ணாமல் இருந்து காலையில் கொடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், டிகிரி காபி தண்ணீரில் சேராது என்பதைக் கும்பகோணத்துக்காரர்களுக்கும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஐ.ஜி.ஈ, கால்புரோடெக்டின் போன்றவற்றுக்குச் சிறிய ஊர்களில் மாதிரியை மட்டும் வாங்கிப் பெருநகரத்துக்கு அனுப்புவார்கள். எங்கே சோதிக்கிறார்கள், ஆய்வகத் தரத்துக்கான என்.ஏ.பி.எல் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கு உண்டா, மாதிரி குளிரில் போகிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளிக்கும் ஆய்வகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அறிக்கையில் இயல்பு எல்லை என்று அச்சிட்டிருப்பது, நலமான மக்களில் 95 சதவீதத்தினரின் எண்கள் விழும் இடைவெளி. அப்படியென்றால் முழு நலத்தோடு இருப்பவர் தொடர்பில்லாத இருபது பரிசோதனை செய்துகொண்டால், ஏதேனும் ஒன்றாவது எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பு 64 சதவீதம். பெரிய தொகுப்புகள் வாங்கியவர்கள் எப்போதும் ஏதோ ஒரு நோயோடு திரும்புவதன் ரகசியம் இதுதான்.

சிகிச்சைக்குப் பின் எப்போது மறுபடி பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினை ஏறத்தாழ நான்கு வாரத்தில் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் மாத்திரையைச் சரியாக உண்ணவில்லை, காபியோடு சேர்த்து உண்டார்கள், ரத்தக்கசிவு தொடர்கிறது, அல்லது முதல் முடிவே தவறு என்று நான்கு வழியில் யோசிக்க வேண்டும். ஃபெரிட்டினையும் வைட்டமின் டி-யையும் மூன்று மாதத்துக்கு முன் பார்ப்பதில் பொருளில்லை. பைலோரி சிகிச்சை முடிந்து நான்கு வாரமாவது கழிய வேண்டும். புழு மாத்திரைக்குப் பின் மலப் பரிசோதனையை இரண்டு மூன்று வாரம் கழித்துச் செய்து, ஈசினோஃபில் எண்ணிக்கையையும் சில வாரங்கள் கழித்துப் பார்த்து, அது இறங்கிய பிறகும் அரிப்போ இளைப்போ நிற்கவில்லை என்றால் அப்போது அந்த ஒவ்வாமைப் பரிசோதனைக்கு, நோட்டில் குறித்த பொருள்களுக்கு மட்டும், பணம் கட்டுங்கள்.